1957 பெல் ஏர்: எந்தக் கிட், எந்த நிறம், குரோமுக்கு என்ன வழி?

#1 கூவம்கரை (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை 1/72 (உண்மையில் 72ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் விமானங்கள்தான் செய்திருக்கிறேன். ஸ்பிட்ஃபயர், மிக்-21, அந்த வரிசை. இப்போது கார் பக்கம் வருகிறேன். 1957 செவ்ரலே பெல் ஏர், இரண்டு கதவு ஹார்ட்டாப் (ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத வகை). இந்தக் கார்தான் என்று முடிவாகிவிட்டது, மாற்றச் சொல்லாதீர்கள்.

தேடினால் இந்த ஒரே காருக்கு ஏ.எம்.டி., ரெவெல், மோனோகிராம் என்று பல கம்பெனிக் கிட்கள் வரிசையாக வருகின்றன. சிலது 1/25, சிலது 1/24. விமர்சனங்களைப் படித்தால் ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுவதை இன்னொருவர் தூக்கிப் போடச் சொல்கிறார்.

அடுத்து பெயின்ட். விமானத்துக்கு மேட் வார்னிஷ் அடித்தால் எல்லாம் அடங்கிவிடும். காரில் முகம் தெரிகிற பளபளப்பு வேண்டும். அதற்கு மேல் அந்தப் பக்கவாட்டு வெள்ளிப் பட்டைகள். அவற்றை வரைவதா, ஒட்டுவதா என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 துடுப்புவால் (மிச்சிகன்)

வாங்க தம்பி. நல்ல காரைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். உண்மைக் கார் 200 அங்குலம், அதாவது 5.08 மீட்டர் நீளம். 1/25ல் 20.3 செ.மீ. வரும், 1/24ல் 21.2 செ.மீ. தனியாக வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கார் வந்து நிற்கும்போதுதான் உறுத்தும். அதனால் மேற்கொண்டு என்ன சேர்க்கப்போகிறீர்கள் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கார்கள் என்றால் 1/25தான் பெரிய கடல். ஜப்பான் கிட் கம்பெனியான டமியாவின் ஜப்பான் கார்களும் கூடவே வேண்டும் என்றால் 1/24.

இனி கிட். ஏ.எம்.டி.யின் 1/25 ஹார்ட்டாப் 60களில் வெட்டிய அச்சு. இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் இருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம் அதைத் திரும்பத் திரும்ப வெளியிடுகிறது. ரெவெலிலும் அதே காலத்துப் பழைய அச்சு ஒன்று உண்டு. கதவு, பானெட், டிக்கி எல்லாம் திறக்கும். பெட்டிப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதை வாங்கிவிடாதீர்கள். திறக்கும் கதவுகளை இடைவெளி தெரியாமல் பொருத்துவதற்கே பாதி ஆயுள் போகும். மோனோகிராமின் 1/24 எளிது, பாகங்கள் குறைவு. ரெவெலின் புதிய அச்சுக் குடும்பத்தில் கன்வெர்ட்டபிளும் பந்தய வகையான 'பிளாக் விடோ'வும் வந்தன. அடிச்சட்டம், எஞ்சின் விவரங்கள் அதில் அருமை, ஆனால் நீங்கள் கேட்பது ஹார்ட்டாப்.

என் ஓட்டு ஏ.எம்.டி.க்கு.

#3 ஈப்போக்காரன் (மலேசியா)

துடுப்புவால் அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் காருக்கு 60 வருஷத்துப் பழைய அச்சை எதற்குத் தள்ளிவிடுகிறீர்கள்? மறுவெளியீடு ஆக ஆக அச்சு தேய்ந்து ஓரமெல்லாம் பிசிறு அடிக்கும். அந்தக் காலத்து கிட்கள் பலவற்றில் சைலென்சர் குழாய் அடித்தட்டோடு சேர்த்தே வார்த்திருக்கும். முன் சக்கரத்துக்கு ஒரே இரும்புக் கம்பி, அது எஞ்சின் பிளாக்கில் துளை போட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். உண்மைக் காரில் யார் பார்த்தார்கள் இதை?

மோனோகிராம் 1/24 வாங்குங்கள் நண்பரே. பாகங்கள் கச்சிதமாக உட்காரும். முதல் காரில் கவனம் முழுவதும் பெயின்டில் இருக்கட்டும்.

#4 துடுப்புவால் (மிச்சிகன்)

அந்தக் கம்பி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய டெட்ராய்ட் அச்சுகளை நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தக் கிட்கள் பொம்மைக் கடையிலிருந்து வரவில்லை, ஷோரூமிலிருந்து வந்தன. ஏ.எம்.டி. 1948ல் இங்கே டெட்ராய்ட் பக்கம் ஆரம்பித்த நிறுவனம். அவர்கள் முதல் தொழில் 'பிரமோ'. புது மாடல் கார் வெளியாகும்போது டீலர் மேசையில் வைக்கவும், அப்பாவோடு வரும் பையன் கையில் கொடுக்கவும் 1/25 அளவில் செய்த முழு மாடல்கள். கம்பெனியின் அசல் நிறத்திலேயே வரும், வாடிக்கையாளர் அதைப் பார்த்தே நிறம் தேர்ந்தெடுக்கலாம். கார் வெளியாகும் நாளில் பிரமோவும் தயாராக இருக்க வேண்டும் என்பதால், கார் ரகசியமாக இருக்கும்போதே தொழிற்சாலை வரைபடங்கள் இவர்கள் கைக்கு வந்துவிடும். டெட்ராய்டிலேயே இருந்த ஜோ-ஹான், பின்னால் மவுன்ட் கிளெமன்ஸில் வந்த எம்.பி.சி. எல்லாம் இதே வழிதான்.

1958ல் ஏ.எம்.டி. அதே பிரமோ அச்சுகளை வைத்து, நாமே ஒட்டிக்கொள்ளும் கிட்டாக விற்க ஆரம்பித்தது. ஒரே பெட்டியில் மூன்று விதம்: கம்பெனி வடிவம், கஸ்டம், பந்தயம். வருஷா வருஷம் புது மாடலுக்குப் புதுக் கிட். அடித்தட்டு சப்பையாக இருப்பதும் எஞ்சினில் கம்பி போவதும் அந்தப் பிரமோ பிறப்பின் எச்சம். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது பாடி. கூரையின் வளைவு, கண்ணாடியின் சரிவு, பின் துடுப்பு எங்கே எழ ஆரம்பிக்கிறது என்கிற இடம், இதெல்லாம் அந்த வரிசையில் பெரும்பாலும் பிசகாது. பின்னாளில் புகைப்படம் பார்த்து வெட்டிய அச்சுகளில் கூரை ஒரு மில்லிமீட்டர் தடித்துப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 1/25ல் ஒரு மில்லிமீட்டர் என்றால் உண்மைக் காரில் ஓர் அங்குலம்.

57 பெல் ஏர் அப்படி வருஷாந்திரக் கிட்டாக வந்ததில்லை, பின்னால் 60களில் செய்தது. ஆனால் அதே ஆட்கள், அதே கண். பிசிறை உப்புத்தாளால் எடுத்துவிடலாம். கூரை தப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

#5 ஈப்போக்காரன் (மலேசியா)

சரி, பாடி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அடித்தட்டு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#6 பட்டிமேஸ்திரி (கோவை)

எனக்கு வண்டி பெயின்டிங் பட்டறை. பெரிய வண்டிக்கு அடிக்கிற ஆள்தான், சின்ன வண்டியும் அடிக்கிறேன். கிட் சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், பெயின்டுக்கு நான் சொல்கிறேன்.

பாகங்களை ஃபிரேமோடு வைத்துப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள். அச்சிலிருந்து கழன்று வரத் தடவிய எண்ணெய் மேலே இருக்கும். அது இருந்தால் பெயின்ட் மீன்கண் போடும், அதாவது சின்னச் சின்ன வட்டக் குழி விழும். விமானக்காரருக்கு இது தெரிந்திருக்கும்.

கார் பாடியில் தனியாகப் பார்க்க வேண்டியது அச்சுக் கோடு. பாடியை ஒரே துண்டாக வார்க்க, பல பக்கமிருந்து நகர்ந்து சேரும் அச்சு வைப்பார்கள். அவை சந்திக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். முன் மட்கார்டின் மேல் விளிம்பு, கூரைத் தூண், பின் துடுப்பின் முதுகு, இந்த இடங்களில் விரல் நகத்தால் தடவினால் தட்டும். கண்ணுக்குத் தெரியாது, பளபளப்புப் பெயின்ட் ஏறியதும் ஊருக்கே தெரியும். 400ல் ஆரம்பித்து 600 வாட்டர் பேப்பரில் தண்ணீர் வைத்துத் தேய்த்து முடியுங்கள்.

அப்புறம் கதவுக் கோடு, பானெட் கோடு. பிரைமர் இரண்டு கை, நிறம் மூன்று கை, கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) இரண்டு கை என்று ஏறினால் கோடு நிரம்பி, கதவே இல்லாத கார் ஆகிவிடும். அதனால் பெயின்டுக்கு முன்னாலேயே கத்தி முனையின் முதுகுப் பக்கத்தால் ஒவ்வொரு கோட்டையும் மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். ஒரே இழுப்பில் ஆழம் போகக் கூடாது. லேசாகப் பலமுறை.

பிரைமர் இல்லாமல் லாக்கர் அடிக்கவே கூடாது. ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லாக்கர் தின்னர் கடிக்கும். மேற்பரப்பில் வலை வலையாக வெடிப்பு விழும், திரும்ப எடுக்க முடியாது. முதல் கை பிரைமர் ஈரம் தெரியாத அளவுக்குத் தூறலாகப் போகட்டும். அது காய்ந்ததும் அதுவே தடுப்பு.

நம் பட்டறைகளில் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், செவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜி.எம். 1920களிலிருந்து தன் கார்களுக்கு அடித்த லாக்கரின் சொந்தம்தான். அதனால் அந்த மினுமினுப்பு உங்களுக்கு லாக்கரில் சரியாக வரும். உண்மை வண்டியிலும் அடித்ததும் பளபளப்பு வந்துவிடாது, தேய்த்துத்தான் எடுத்தார்கள். நீங்களும் கிளியர் நன்றாகக் காய்ந்த பிறகு 2000, 3000 என்று ஏறி, காம்பவுண்டு போட்டு முடியுங்கள். மூலை, விளிம்பு, துடுப்பு நுனியில் கை வைக்காதீர்கள். அங்கேதான் முதலில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

#7 கூவம்கரை (சென்னை)

மேஸ்திரி, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். விமானத்துக்கு கிளாஸ் அடித்தபோது வெள்ளைப் புகை படிந்த மாதிரி வந்தது. காரில் வந்தால் என்ன செய்வது?

#8 பட்டிமேஸ்திரி (கோவை)

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படியும். அது பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டால் வெள்ளை பூக்கும். வேகத் தின்னரை விட்டு மெதுத் தின்னர் போடுங்கள். ரிடார்டர் என்று கேட்டால் பெயின்ட் கடையில் தருவார்கள், கொஞ்சம் கலந்தால் போதும். பூத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், வெறும் ரிடார்டரையே மெல்லிய தூறலாக மேலே விட்டால் பெயின்ட் கொஞ்சம் இளகி ஈரம் வெளியே போய்விடும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம்.

இரட்டை நிறம் அடிப்பதாக இருந்தால் வெளிர் நிறம் முதலில். கூரையை அடித்து, காயவிட்டு, டேப் போட்டு மூடிவிட்டு கீழே அடர் நிறம். டேப் ஓரத்தில் முதலில் கிளியர் ஒரு தூறல் விடுங்கள், சந்து இருந்தால் அது அடைத்துவிடும், நிறம் உள்ளே ஊறாது.

#9 ஸ்காபரோ வாணி (கனடா)

வணக்கம். குரோம் கதை இன்னும் வரவில்லை, அதனால் நான் வருகிறேன். 50களின் அமெரிக்கக் காரில் பெயின்ட் எவ்வளவு வடிவாக இருந்தாலும் குரோம் பிழைத்தால் அது பொம்மைதான். வெள்ளிப் பெயின்டைத் தூரிகையால் இழுத்தால் சாம்பல் கோடுதான் வரும்.

நான் பாவிப்பது பேர்-மெட்டல் ஃபாயில். பின்னால் பசையுள்ள, மிக மெல்லிய உலோகத் தாள். கனபேர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கை பழகினால் பெயின்டை விடச் சுலபம்.

பட்டையை விட இரண்டு மடங்கு அகலமாக ஒரு துண்டை வெட்டி, கத்தி நுனியால் தூக்கி, பட்டையின் மேல் தளர்வாக வையுங்கள். இழுக்க வேண்டாம். நடுவிலிருந்து வெளியே பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டு போனால் கீழே இருக்கும் மேடு தானாகத் தெரியவரும். பிறகு பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் மழுக்கி, பட்டையின் இரண்டு கரையிலும் அழுத்தி ஓட்டுங்கள். அந்த மூலையில் தாள் முழுதாக உட்கார்ந்தால்தான் வெட்டு நேராக வரும். இப்ப புதுக் கத்தி. புதுசு என்றால் உறையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. பழைய முனை தாளை வெட்டாது, கிழிக்கும். கத்தியின் பாரமே போதும், நீங்கள் அழுத்த வேண்டாம். அழுத்தினால் பெயின்டையும் வெட்டிவிடும். மிச்சத்தை உரித்து எடுத்துவிட்டு, கரையைத் திரும்ப ஒருமுறை பல்குச்சியால் அமர்த்துங்கள்.

முழுப் பட்டையையும் ஒரே துண்டில் ஒட்டப் பார்க்காதீர்கள். கதவுக் கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அடுத்த துண்டை அங்கிருந்து தொடங்குங்கள். உண்மைக் காரிலும் பட்டை அங்கேதான் பிரிகிறது, ஒட்டு யாருக்கும் தெரியாது.

பாலிஷ் எல்லாம் முடித்த பிறகுதான் ஃபாயில். ஃபாயிலுக்கு மேல் காம்பவுண்டு போட்டால் தேய்ந்துபோகும். ஒரே ஒரு விலக்கு, எழுத்துகள். டிக்கியிலும் மட்கார்டிலும் இருக்கும் சின்னச் சின்னப் பெயர் எழுத்துகளைச் சுற்றி வெட்ட முடியாது. அதற்குப் பிரைமர் அடித்த பிறகு, நிறத்துக்கு முன், எழுத்தின் மேல் ஒரு சின்ன ஃபாயில் ஒட்டி, அதற்கு மேலேயே நிறம் அடியுங்கள். நிறம் காய்ந்ததும், கிளியருக்கு முன், தின்னர் தொட்டு நன்றாகப் பிழிந்த துணியை விரலில் சுற்றி எழுத்தின் தலையை மட்டும் லேசாகத் தடவினால் பெயின்ட் போய் ஃபாயில் வெளியே வரும். அண்ணளவாக அல்ல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வாசிக்கலாம்.

#10 ஈப்போக்காரன் (மலேசியா)

வாணி, குரோம் பேனா வந்த பிறகு இன்னும் ஏன் ஃபாயில்? மோலோடோ பேனாவில் கோடு இழுத்தால் அதே பளபளப்பு, பாதி நேரம்.

#11 ஸ்காபரோ வாணி (கனடா)

பேனா நானும் வைத்திருக்கிறேன். கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங் வளையம், வைப்பர் கம்பி, உள்ளே மீட்டர்களின் வளையம், இதற்கெல்லாம் அதுதான் நல்லது. ஆனால் காய கன நாள் எடுக்கும், காய்ந்த பிறகும் விரல் பட்டால் மங்கும். நீளமான பட்டையில் கரை நேராக நிற்காது. ஃபாயிலின் கரை கத்தி வெட்டிய கரை. அதை எந்தத் தூரிகையும் பேனாவும் தராது.

பெல் ஏரில் இன்னொரு விஷயம். பின் மட்கார்டில் ஆப்பு வடிவத்தில் ஓர் அலுமினியத் தகடு இருக்கிறது அல்லவா, நுண்ணிய வரி ஓடியது? அது சுற்றியுள்ள பட்டையைப் போல மின்னாது. கொஞ்சம் மங்கலான வெள்ளி. அதனால் உள்ளே மேட் அலுமினிய ஃபாயில், சுற்றிவரக் குரோம் ஃபாயில் என்று இரண்டும் வேண்டும். ஒரே ஃபாயிலால் இரண்டையும் மூடினால் அந்தத் தகடு செத்துப்போகும். இந்த ஒரு இடத்தைப் பார்த்தே செய்தவர் உண்மைக் காரைப் பார்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

#12 துடுப்புவால் (மிச்சிகன்)

வாணி சொன்ன கடைசி வரிதான் நான் சொல்ல நினைத்ததும். கிட்டின் குறிப்புத்தாளைப் பார்த்துச் செய்யாதீர்கள், காரைப் பார்த்துச் செய்யுங்கள். எனக்கு அதற்கு வசதி இருக்கிறது. ஆகஸ்டில் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் போய் நின்றால் காலையிலிருந்து இரவு வரை இந்தக் கார்கள்தான் ஓடும். இந்தப் பழைய கார் ஊர்வலம் 1995லிருந்து நடக்கிறது. நான் போனால் முழுக் காரைப் படம் எடுப்பதில்லை. வைப்பர் அடிப்பகுதி, கதவு உள்விளிம்பு, டயர் பக்கவாட்டு, இவற்றைத்தான் எடுப்பேன். பெட்டிக்கு வெளியே இருக்கிற விவரம் அங்கேதான்.

கேட்டதற்கு வருகிறேன். 57ல் செவ்ரலே மூன்று படிகளில் வந்தது: 150, 210, மேலே பெல் ஏர். பெல் ஏரை மற்ற இரண்டிலிருந்து பிரிப்பது தங்க நிறம். முன் கிரில்லின் வலை தங்கம், முன் மட்கார்டில் மூன்று சிறிய அம்புக் குறிகள் தங்கம், பெயர் எழுத்துகளும் தங்கம். கிட்டில் எல்லாம் வெள்ளிக் குரோமாகவே வரும், நிறைய பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தங்கப் பெயின்டைத் தொடாதீர்கள், பொடிப் பொடியாகத் தெரியும். டமியாவின் கிளியர் மஞ்சள், எக்ஸ்-24, அதில் ஒரு சொட்டு கிளியர் ஆரஞ்சு கலந்து குரோமின் மேலேயே தடவுங்கள். கீழேயிருந்து வெளிச்சம் எழும்பி உண்மையான ஆனோடைஸ் தங்கம் வரும். பின் விளக்குக்கும் இதே முறை, கிளியர் சிவப்பு எக்ஸ்-27.

நிறத்துக்கு அந்த வருஷத்து நிற அட்டையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மேட்டடார் ரெட், டிராபிகல் டர்க்காய்ஸ், லார்க்ஸ்பர் ப்ளூ, சர்ஃப் கிரீன், கொரோனாடோ யெல்லோ, ஓனிக்ஸ் பிளாக் எல்லாம் உண்டு. கூரைக்கு இந்தியா ஐவரி. பெல் ஏரில் இரட்டை நிறம் என்றால் கூரை மட்டும்தான் வேறு நிறம், பக்கவாட்டு ஆப்பில் வாணி சொன்ன அலுமினியத் தகடு வந்துவிடும். அந்த ஆப்பில் பெயின்ட் அடித்திருந்தால் அது 210. இணையத்தில் இரண்டையும் குழப்பிய படங்கள் ஏராளம்.

எஞ்சின் 283 கன அங்குல வி8. அந்த வருஷம்தான் வந்தது. ராம்ஜெட் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனோடு 283 குதிரைத்திறன், ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை. வி8 என்றால் பிளாக் ஆரஞ்சு நிறம். ஸ்பார்க் பிளக் ஒயர் போடப்போகிறீர்கள் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் செவ்ரலேயில் பின்பக்கம், டாஷ்போர்டு சுவரை ஒட்டி. டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. உண்மை ஒயர் ஏழு மில்லிமீட்டர் என்றால் 1/25ல் 0.28. கடையில் விற்கும் தடிமனான ஒயரைப் போட்டால் எஞ்சினில் தோட்டக் குழாய் ஓடுகிற மாதிரி இருக்கும். மெல்லிய எனாமல் கம்பியைப் பாருங்கள்.

டயரில் வெள்ளை வளையம் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளைக் கோடு 1962 மாடல்களோடு வந்தது. ஏ.எம்.டி. பெட்டியில் அந்த மெல்லிய கோட்டு டயர் வந்தாலும் அதை 57ல் மாட்டிவிடாதீர்கள்.

#13 ஜோஹான்பிரியன் (பெங்களூரு)

நல்ல இழை. சற்று விலகிப் போகிறேன், மன்னிக்கவும். என்னிடம் ஜோ-ஹானின் கிரைஸ்லர் டர்பைன் கார் கிட் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. இப்போது அதைச் செய்யலாமா, அப்படியே வைத்திருக்கலாமா என்று ஒரு மனப் போராட்டம். பிரித்தால் விலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, மீதி இருப்பவற்றில் ஒன்றை நான் குறைப்பதா என்கிற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

#14 ஈப்போக்காரன் (மலேசியா)

பிரியுங்கள். கிட் என்பது கட்டுவதற்கு.

#15 துடுப்புவால் (மிச்சிகன்)

டர்பைன் என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விமான ஜெட் வகையைச் சேர்ந்த கேஸ் டர்பைன் எஞ்சினைக் காரில் வைத்து கிரைஸ்லர் 55 கார்கள் செய்தது. பாடி இத்தாலியில் கியா பட்டறையில் கையால் செய்தது. அதில் 50 கார்களை 1963 இறுதியிலிருந்து 1966 ஜனவரி வரை 203 குடும்பங்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். திட்டம் முடிந்ததும் பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள். பிழைத்தவை ஒன்பது. டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அந்த வெண்கல நிறத்துக்கு எந்தப் புகைப்படமும் நியாயம் செய்யாது. பின் விளக்கைச் சுற்றியுள்ள அமைப்பைப் பார்த்தால் எஞ்சினே அங்கே இருக்கிறது என்று நினைப்பீர்கள், ஆனால் அது முன்னால்.

ஜோ-ஹான் கிட்டில் அந்த எஞ்சினும் உண்டு. நொறுங்கிப்போன காருக்கு, அது ஓடிய காலத்திலேயே செய்த பதிவு அது.

என் கருத்தைக் கேட்டால், மூடி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பெட்டிக்குள் காலம் நிற்பதில்லை. வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் அருகிலுள்ள ஸ்டைரீனை உருக்கிப் பள்ளம் போடும். டீகால், அதாவது மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னங்களின் தாள், மஞ்சளாகும். மேலே மேலே பெட்டி அடுக்கினால் பாடி நெளியும். 50களின் அசிடேட் பிரமோக்கள் கட்டி முடித்தவையாக இருந்தும் தானாகவே சுருங்கி வளைந்துபோயின. 60களின் தொடக்கத்தில் ஸ்டைரீனுக்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெட்டியைத் திறந்து டயரைத் தனிப் பையில் போடுங்கள். அதை இன்றே செய்யுங்கள்.

#16 ஜோஹான்பிரியன் (பெங்களூரு)

டயர் விஷயம் எனக்குத் தெரியும் அண்ணா, தனியாகத்தான் வைத்திருக்கிறேன். நான் சொல்வது வேறு. பழைய வருஷாந்திர அச்சுகள் பல இன்று இல்லை. அடுத்த வருஷக் காருக்காக அதே அச்சை மாற்றி வெட்டினார்கள். அப்புறம் பந்தயக் காராக மாற்றிச் சக்கர வளைவை அறுத்தார்கள். ஒருமுறை வெட்டிய அச்சு திரும்ப வராது. அந்த வருஷத்துப் பாடி இன்று இருப்பது அப்போது விற்ற கிட்களில் மட்டும்தான். யாராவது அதை அளந்து மறுபடி அச்சு வெட்ட வேண்டுமென்றால் வெட்டாத, ஒட்டாத ஒரு பாடி வேண்டும். அதற்காகவாவது சிலது மூடியே இருக்கட்டும் என்கிறேன்.

#17 ஸ்காபரோ வாணி (கனடா)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் செய்கிறேன். அந்தக் காலத்தில் பையன்கள் கட்டி, பசை வழிந்து, தூரிகைப் பெயின்ட் பூசி, சக்கரம் கழன்று கிடக்கும் பழைய மாடல்கள் இங்கே ஹொபி சந்தைகளில் கிடக்கும். மூடிய கிட்டின் விலையில் சிறு பங்குதான். அதை வாங்கிப் புதுப்பியுங்கள்.

பெயின்டை எடுக்க பிரேக் ஆயில். ஒரு டப்பாவில் பாடியை மூழ்கும்படி வைத்து மூடிவிட்டால் பழைய பெயின்ட் இளகித் தோலாக உரியும். கையுறை போடுங்கள், பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துச் சோப்பில் கழுவுங்கள். முதலில் உள்பக்க மூலை ஒன்றில் சோதித்துப் பாருங்கள், சில பழைய பிளாஸ்டிக் தாங்காது. குரோம் பாகங்களின் பூச்சு தேய்ந்திருந்தால் ப்ளீச்சில் போடுங்கள், அந்த வெள்ளி முழுவதும் கரைந்துபோகும். அது வெற்றிடத்தில் படிய வைத்த அலுமினியப் படலம்தான். கீழே இருக்கும் லாக்கர் சில நேரம் மிஞ்சும், அதையும் எடுத்துவிட்டுப் பளபளக்கும் கறுப்பு அடித்து மேலே அல்கிளாட் குரோம் பெயின்டைத் தூறலாக விட்டால் புதுசு போல வரும். ப்ளீச்சையும் பிரேக் ஆயிலையும் ஒரே பாத்திரத்தில் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

ஜோஹான்பிரியன், உங்கள் பெட்டி அப்படியே இருக்கட்டும். கட்டுவதற்கு அடிபட்ட டர்பைன் ஒன்றைத் தேடுவோம். இந்தப் பக்கம் ஏதும் கண்ணில் பட்டால் இங்கேயே எழுதுகிறேன்.

#18 ஜோஹான்பிரியன் (பெங்களூரு)

இது எனக்குப் பிடித்திருக்கிறது. தேடித் தாருங்கள், காத்திருக்கிறேன்.

#19 பட்டிமேஸ்திரி (கோவை)

பிரேக் ஆயில் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். பெயின்ட் அடித்த வண்டியில் ஒரு சொட்டு விழுந்தால் எங்களுக்கு எவ்வளவு வேலை வரும் என்று தெரியும், அதனால் வாணி சொல்வதை நம்பலாம்.

#20 கூவம்கரை (சென்னை)

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

முடிவு இது. ஏ.எம்.டி. 1/25. லார்க்ஸ்பர் ப்ளூ, கூரை இந்தியா ஐவரி. இரண்டு வகை ஃபாயிலும் ஆர்டர் போட்டாயிற்று. எக்ஸ்-24, எக்ஸ்-27 இரண்டும் கையில் இருக்கின்றன. ஈப்போக்காரன் சொன்ன கம்பி வந்தால் அதை வெட்டிவிட்டு, எஞ்சின் துளையைப் பட்டி வைத்து அடைத்துவிட்டு, முன் சக்கரத்துக்குத் தனி முனை வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கடைசியாக இரண்டு. கண்ணாடிக்கு எந்தப் பசை? டயர் உருக்கும் என்றார்களே, கட்டி முடித்த காரில் டயர் சக்கரத்தோடு ஒட்டித்தானே இருக்கும், அதற்கு என்ன செய்வது?

#21 ஈப்போக்காரன் (மலேசியா)

கம்பியை வெட்டுங்கள், நல்ல முடிவு. வெட்டுவதற்கு முன்னால் கம்பியை மாட்டி நிற்க வைத்து, தரையிலிருந்து பாடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தனி முனை வைக்கும்போது அந்த அளவு இல்லாவிட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

#22 துடுப்புவால் (மிச்சிகன்)

கண்ணாடிக்கு வெள்ளைப் பசை, மரத்துக்குப் போடுகிறோமே அதுதான். காய்ந்ததும் நிறமில்லாமல் போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். சூப்பர் குளூவைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், ஆவி பட்டாலே கண்ணாடியில் வெள்ளை படியும்.

டயர் உட்காரும் சக்கர விளிம்பில், வாணியின் ஃபாயில் மிச்சம் இருக்குமே, அதில் மெல்லிய பட்டை ஒன்று சுற்றிவிடுங்கள். பிளாஸ்டிக்கும் வினைலும் தொடாமல் இருந்தால் போதும். டயரின் பளபளப்பையும் எடுக்க வேண்டும், தரையில் படும் பகுதியை 400 உப்புத்தாளில் ஒரு சுற்று உருட்டுங்கள். காரைக் கண்ணாடி ஜன்னலோரம் வெயில் படும்படி வைக்காதீர்கள், மெல்லிய கூரைத் தூண் அந்தச் சூட்டில் வளையும்.

மற்றொன்று, ஃபாயில் ஒட்டும்போது இடப்பக்கத் துடுப்பின் பின்விளிம்பில் ஓடும் பட்டையைக் கவனியுங்கள். அசல் காரில் பெட்ரோல் மூடி அந்தப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும், திறக்கும் இடத்தில் மெல்லிய வெட்டுக் கோடு உண்டு. ஃபாயிலை ஒட்டிய பிறகு கத்தி நுனியால் அந்தக் கோட்டை லேசாக இழுத்துவிடுங்கள்.

பாடியைக் கழுவி, கோடுகளை ஆழமாக்கியதும் பிரைமருக்கு முன்னால் இங்கே படம் போடுங்கள். அச்சுக் கோடு எங்காவது மிச்சம் இருந்தால் மேஸ்திரி பார்த்துச் சொல்வார்.